ஜெயிச்சியா என்று கேட்டீர்களே, தாத்தா

அன்புள்ள தாத்தாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் "இன்னா கண்ணு, ஜெயிச்சியா?" என்று கேட்டீர்கள். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. உங்கள் பேரன் இதைப் படித்துக் காட்டுவான். தனியாக அனுப்பாமல் எல்லாரும் பார்க்கிற இடத்தில் போடுவதற்குக் காரணம், குடியாத்தம் பொண்ணு பிரான்ஸில் குதிரைப் பந்தயத்தில் வெற்றி என்று யாரோ வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்டு, அம்மாவுக்கு இதுவரை மூன்று பேர் சால்வை போட்டிருக்கிறார்கள்.

ஜெயிக்கவில்லை. முடிக்கக்கூட இல்லை. நான் ஓடியது எண்டியூரன்ஸ் என்கிற நெடுந்தூரக் குதிரைப் பந்தயம். 100 கிலோமீட்டரில் 68 ஓடியதும் நிறுத்திவிட்டார்கள். குதிரை விழவில்லை, நானும் விழவில்லை, வழி தவறவும் இல்லை. ஏன் நிறுத்தினார்கள் என்பதை உங்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் நம்ம ஊரில் இல்லை, அதனால்தான் உங்களிடம் சொல்ல இவ்வளவு கூச்சம்.

பொங்கல் முடிந்ததும் நம்ம பக்கத்துக் கிராமங்களில் காளை விடும் விழா நடக்குமே, தெருவில் விட்ட காளை எத்தனை நொடியில் கோட்டைத் தாண்டியது என்று பார்த்து, குறைந்த நொடிக்குப் பரிசு கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அதற்கப்புறம் அந்தக் காளை எப்படி மூச்சு வாங்குகிறது என்று யாரும் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போவதில்லை. இங்கே அப்படியே தலைகீழ். தூரத்தைப் பல சுற்றாகப் பிரித்துவிடுவார்கள், ஒரு சுற்று 40 கிலோமீட்டருக்கு மேல் போகாது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கால்நடை மருத்துவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், வெட் கேட் என்று பெயர். நடுச் சுற்றுகளில் வந்து சேர்ந்த 15 நிமிடத்துக்குள் குதிரையின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 64க்கு இறங்கியிருக்க வேண்டும். சும்மா நிற்கும்போது அதற்கு 30, 40தான் இருக்கும், ஓடும்போது நூறையெல்லாம் தாண்டிவிடும். துடிப்பு இறங்கி, மருத்துவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறவரைக்கும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், கடைசிச் சுற்றைத் தவிர. விரட்டிக்கொண்டு வந்து பத்து நிமிடம் குதிரை மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பவரைவிட, கடைசி ஒரு கிலோமீட்டர் இறங்கி நடந்தே கூட்டி வருகிறவர் முன்னால் போய்விடுவார். கடைசிக் கோட்டை முதலில் தாண்டியவர் பெயரே பட்டியலில் இல்லாமல் போவது இங்கே ஆச்சரியமான விஷயம் இல்லை. முடித்தாலே ஜெயித்த மாதிரி என்பது இந்த விளையாட்டுக்காரர்கள் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு.

இதை முதல் நாள் வகுப்பில் சொன்னபோது எனக்கு மேலாலத்தூர் ஸ்டேஷன் வாசல்தான் ஞாபகம் வந்தது. ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் "குதிரை வண்டி வருமா, வருமா" என்று கத்திக்கொண்டிருக்கும், நீங்கள் பதிலே சொல்லாமல் குதிரையின் இடது முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சோரத்தில், உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பீர்கள். அப்புறம் உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. வெளுத்த இடம் உடனே சிவந்தால்தான் அடுத்த சவாரி. சித்திரை வெயிலில் சாக்கை நனைத்துக் கழுத்தில் போடுவீர்கள், கொள்ளு வேகவைத்த தண்ணீரில் கல்லுப்பு போட்டு முகத்துக்கு நேராகப் பிடிப்பீர்கள். இங்கே மருத்துவர் கையில் இருக்கும் சீட்டில் இதெல்லாம் கட்டம் கட்டமாக அச்சடித்திருக்கிறது தாத்தா: துடிப்பு, ஈறு, தோலைக் கிள்ளிவிட்டால் எவ்வளவு சீக்கிரம் படிகிறது, குடல் சத்தம். கல்லுப்புக்குக்கூடக் காரணம் இருக்கிறது. நம் வியர்வையைவிடக் குதிரை வியர்வையில் உப்பு அதிகம். தண்ணீரோடு உப்பும் சேர்ந்து போய்விடுவதால் உடம்பு வற்றினாலும் அதற்குச் சட்டென்று தாகம் தெரியாது, குடிக்காமல் நிற்கும். அதனால் இவர்கள் உப்புக் கரைசலை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து வாயில் அடிக்கிறார்கள்.

நம்ம ஊர்க் குதிரையையே கூட்டிக்கொண்டு போகக்கூடாதா என்று கேட்டிருந்தீர்கள். விட மாட்டார்கள். குதிரை நோய்கள் பற்றிய தடைகள் பல வருடமாக இருக்கின்றன. 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய நம் டிரெசாஜ் (குதிரையைத் தாளத்தோடு நடத்திக் காட்டும் போட்டி) அணிகூட ஐரோப்பாவில் வைத்திருந்த குதிரைகளோடுதான் போனது. அதே வருடம் மலப்புரத்துப் பெண் நிதா அஞ்சும், இளையோர் உலகப் போட்டியில் இதே பிரான்ஸில் 120 கிலோமீட்டர் முடித்தாள் என்ற செய்தியைக் கத்தரித்து உங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டினேனே, எனக்கு இந்தக் கிறுக்கு முற்றியது அன்றைக்குத்தான். பெங்களூரில் வேலை, சனி ஞாயிறு குதிரை, சேர்த்த பணமெல்லாம் வாடகைக் குதிரைக்கு. அதுவும் எடுத்தவுடன் நூறு ஓட முடியாது, 40 கிலோமீட்டருக்கு மேல் இரண்டு ஓட்டம், 80க்கு மேல் இரண்டு ஓட்டம் என்று முடித்துக் காட்ட வேண்டும், அதில் மணிக்கு 16 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போனால் கணக்கில் சேராது. மெதுவாகப் போகத் தெரிகிறதா என்று பரீட்சை வைக்கிற பந்தயம் வேறு எங்காவது உண்டா?

(நடுவில் ஒன்று. 1806 ஜூலை 10 விடியலில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து 16 மைல் குதிரையில் பறந்து வந்துதான் அடக்கினான் என்று படித்திருக்கிறோம். நம்ம ஜில்லாவின் பேர்போன குதிரை ஓட்டம் எதிரி ஓடியது. இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை, இங்கே சேணம் கட்டும்போது தோன்றியது.)

சரி, அன்றைக்கு நடந்தது. குதிரை ஒரு சாம்பல் நிற அரபுப் பெண் குதிரை. காகிதத்தில் இருக்கும் பெயர் என் வாயில் நுழையவில்லை, வெள்ளச்சி என்றே கூப்பிட்டேன், காதைத் திருப்பினாள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். முதல் சுற்று 38, சுத்தமாகப் போனது. இரண்டாவது சுற்று 30. அதில் ஒரு இடத்தில் சரளைக்கல் பாதை, இறக்கம். மொத்தக் கணக்கில் 60 தாண்டியிருக்கும். அங்கே அவள் நடையில் ஏதோ ஒன்று மாறியது. டக், டக், டக் என்று வந்த தாளத்தில் ஒரு அடி மட்டும் கொஞ்சம் லேசாக விழுந்தது. நொண்டவில்லை, தாங்கவில்லை, லேசாக விழுந்தது, அவ்வளவுதான். பாதை அப்படி என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதுகூடப் பொய், அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது. அப்போது பதினோராவது இடத்தில் இருந்தேன், முன்னால் போகிறவரின் மஞ்சள் சட்டை கண்ணுக்குத் தெரிந்தது.

வெட் கேட்டில் நாலே நிமிடத்தில் துடிப்பு 58. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தது ஓட்டிக் காட்டணும். சேணத்தைக் கழற்றிவிட்டு, கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, நாம் பக்கத்தில் ஓட, குதிரை 40 மீட்டர் போய்த் திரும்பி வர வேண்டும். திரும்பும்போதே எனக்குக் கேட்டுவிட்டது. வலது முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் வெள்ளச்சியின் தலை ஒரு விரற்கடை மேலே போனது. மருத்துவர் மறுபடி ஓடச் சொன்னார். இந்தத் தடவை மூன்று பேர் நின்று பார்த்தார்கள், ஆளுக்கொரு சீட்டில் எழுதி மடித்துக் கொடுத்தார்கள். தாளில் என் எண்ணுக்கு நேரே ஜி.ஏ. என்று இரண்டு எழுத்து விழுந்தது, நடை சரியில்லை என்று அர்த்தம். மேல்முறையீடு கிடையாது.

குளம்பைத் தூக்கிப் பார்த்தார் லாடக்காரர். லாடத்தின் உள்விளிம்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கல் செருகியிருந்தது, அடி கன்றிப்போயிருந்தது. வழியில் தண்ணீர் கொடுக்க எங்கள் ஆட்கள் நின்றிருந்த இடத்திலேயே இறங்கிக் காலைத் தூக்கிப் பார்த்திருந்தால் அரை நிமிட வேலை. நீங்கள் ஒவ்வொரு சவாரிக்கும் முன்னால், மழையோ சிரசுத் திருவிழாக் கூட்டமோ, நாலு காலையும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவீர்கள். எட்டு வயதில் "ஏன் தாத்தா, இப்பதானே பாத்தீங்க" என்று கேட்டேன். "அதுக்கு வாய் கீதா சொல்றதுக்கு?" என்றீர்கள்.

அன்று ராத்திரி வெகுநேரம் வெள்ளச்சியின் காலை ஐஸ் தண்ணீர் வாளியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வைக்கோலை மென்றுகொண்டே என் தலைமுடியையும் சேர்த்து இழுத்தாள். வீக்கம் இல்லை, சில வாரம் ஓய்வு எடுத்தால் போதும் என்றார்கள். அவளுடைய சொந்தக்காரர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, காபி கொண்டுவந்து கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

கட்டை வண்டிக் கம்பியை வளைத்து நீங்களே செய்த கொக்கி ஒன்று உண்டே, கல் எடுக்கிறது, பிடியில் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருக்குமே. இன்னும் இருக்கிறதா? இருந்தால் தபாலில் போடச் சொல்லாதீர்கள். தை மாதம் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அம்மாவிடம் அந்தச் சால்வைகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், ஒன்று மட்டும் நல்ல கம்பளிச் சால்வை, அதை உங்களுக்கு எடுத்து வைத்திருக்கிறாளாம்.

அன்புடன்,
உங்கள் கண்ணு