எவான் நீலைக் கைகழுவும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கால்பந்து அணியான நியூயார்க் ஜயண்ட்ஸின் எவான் நீலைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2022 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) ஏழாவதாக எடுத்த ஆள், மூன்று வருடம் ஆகியும் தேறவில்லை, ஆகவே தண்டம் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். நான் நியூ ஜெர்சிவாசி, இந்த அணியின் ஆட்டங்களை விடாமல் பார்க்கிறவன். நீல் சரியாக ஆடவில்லை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் ஒரு இளம் லைன்மேன், அதாவது முன்வரிசையில் நின்று எதிராளிகளைத் தடுப்பவர், இனி வளருவாரா மாட்டாரா என்பதை, அவர் பக்கமாக எத்தனை சாக் (பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எதிராளி சாய்ப்பது) போனது, எத்தனை தடவை அபராதம் வாங்கினார் என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எண்ணிக்கை சொல்லாத விஷயம், அவர் எப்படித் தோற்கிறார் என்பது. 2022 செப்டம்பர் 26 அன்று டல்லாஸுடன் நடந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீலுக்கு அது மூன்றாவது ஆட்டம். டல்லாஸின் டிமார்கஸ் லாரன்ஸ் அன்றைக்கு மூன்று முறை நம் குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தார், நீலுக்கு அது கெட்ட கனவு மாதிரியான இரவு. அந்த சீசன் முழுக்க நீலிடம் திரும்பத் திரும்பத் தெரிந்த கோளாறு ஒன்றுதான்: எதிராளி கைக்கு எட்டும் முன்பே இடுப்பை வளைத்து முன்னால் பாய்ந்துவிடுவார். டேக்கிள், அதாவது அந்த வரிசையின் ஓரத்தில் நிற்பவர், பின்னால் நகர்ந்துகொண்டே, முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கி, எதிராளி நெருங்கிய பிறகு அவன் நெஞ்சில் கையை வைக்க வேண்டும். தலை முழங்காலைத் தாண்டி முன்னால் போய்விட்டால் பாரம் முழுவதும் கால்விரலில் வந்துவிடும், அப்புறம் எதிராளி அந்தக் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பக்கவாட்டில் போய்விடுவான். ஆறடி ஏழு அங்குல உயரம், 150 கிலோவுக்கு மேல் எடை, எல்லாம் இருந்தும் பயனில்லை.

சரி, இது சொல்லிக்கொடுத்தால் தீருமா? பல பேருக்குத் தீர்ந்திருக்கிறது. இதே ஜயண்ட்ஸில் ஆண்ட்ரூ தாமஸ் 2020-இல் நாலாவதாக வந்தவர். முதல் வருடத்தின் முதல் பாதியில் அவரை அன்றைக்குத் திட்டாத ரசிகர் இல்லை. கணுக்கால் வலியோடுதான் ஆடிக்கொண்டிருந்தார், சீசன் நடுவிலேயே லைன் பயிற்சியாளரையும் மாற்றினார்கள். ஆனால் கவனித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்தது: அக்டோபரில் தோற்ற மாதிரி அவர் டிசம்பரில் தோற்கவில்லை. 2022-இல் அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலான ஆல்-ப்ரோவின் இரண்டாம் அணியில் இடம்பிடித்தார், 2023-இல் ஐந்து வருடத்துக்கு 11.75 கோடி டாலர் ஒப்பந்தம். டென்வரின் கேரட் போல்ஸ் கதை இன்னும் மோசம். 2017-இன் முதல் சுற்று ஆட்டக்காரர். 2019-இல் சிகாகோவுடன் ஒரே ஆட்டத்தில் எதிராளியைப் பிடித்து இழுத்ததற்காக நான்கு ஹோல்டிங் அபராதம் வாங்கி, சொந்த மைதானத்திலேயே கூச்சல் கேட்டவர். முதல் சுற்று ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தில் அணி விரும்பினால் ஐந்தாம் ஆண்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம், 2020 மே மாதம் அணி அதை வேண்டாம் என்று விட்டது. அதே வருடக் கடைசியில் அதே அணி நான்கு வருடத்துக்கு 6.8 கோடி டாலர் கொடுத்து அவரை வைத்துக்கொண்டது. நடுவில் அவர் கூடவே இருந்தவர் லைன் பயிற்சியாளர் மைக் மன்ச்சாக், தானே லைன்மேனாக ஆடி ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர்.

பயிற்சியாளர் யார் என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரிகூட எழுதவில்லை, எனக்கு மிகவும் உறுத்தியது அதுதான். ஃபிலடெல்ஃபியாவின் ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடியவர், 2018-இல் 233-ஆவது ஆளாக எடுக்கப்படும்வரை இந்த ஆட்டத்தை ஆடியதே இல்லை. இரண்டு வருடம் ஒரு லீக் ஆட்டத்திலும் இறக்காமல் லைன் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் அவரைப் பொறுமையாக உருவாக்கினார். அதே ஸ்டவுட்லண்டிடம் 2024-இல் மெக்காய் பெக்டன் போய்ச் சேர்ந்தார். நியூயார்க் ஜெட்ஸ் 11-ஆவதாக எடுத்து, முழங்கால் அடிபட்டு ஏறக்குறைய இரண்டு சீசன்கள் வீணாகி, கடைசியில் எல்லோரும் கைவிட்ட ஆள். அவரை டேக்கிளிலிருந்து உள்ளே நகர்த்தி வலது கார்டாக (டேக்கிளுக்கு அடுத்து உள்பக்கம் நிற்பவர்) நிறுத்தினார்கள், 2025 பிப்ரவரியில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்ற மோதிரத்தோடு நின்றார். டேக்கிளைக் கார்டாக மாற்றுவதைத் தண்டனை மாதிரி எழுதுவது தப்பு. உள்ளே இடம் குறுகல், வேகமாக ஓடிவருகிறவனைத் திறந்த வெளியில் தனியாகச் சமாளிக்க வேண்டியதில்லை, கனமும் பலமும்தான் பேசும்.

நீலின் பழைய கணக்கையும் பாருங்கள். அலபாமாவில் 2019-இல் இடது கார்டு, 2020-இல் வலது டேக்கிள், 2021-இல் இடது டேக்கிள், ஜயண்ட்ஸுக்கு வந்ததும் மறுபடி வலது டேக்கிள். சென்னையில் வருடக்கணக்காகக் கார் ஓட்டியவர் இங்கே வந்து முதல் வாரம் எதிர்ப்பக்கமாக ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள், அதுபோல லைன்மேனுக்கும் எந்தக் காலை முதலில் எடுக்க வேண்டும் என்பதே மாறிப்போகும். இதற்கு நடுவே 2023-இல் கணுக்கால் அடி, மூன்று வருடத்துக்குள் இரண்டு லைன் பயிற்சியாளர்கள். அதோடு, லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்த 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு சீசன் நடுவில் முழுக் கவசம் போட்டுப் பயிற்சி செய்ய 14 நாள்தான் அனுமதி. மோதித்தான் கற்றுக்கொள்ள வேண்டிய வேலையை மோதாமல் கற்கச் சொன்னால் நாள் ஆகத்தான் செய்யும். 2023 அக்டோபரில் சொந்த ரசிகர்களின் கூச்சல் தாங்காமல் கோபமாகப் பேசி அப்புறம் மன்னிப்புக் கேட்டாரே, அந்தப் பையனுக்கு அப்போது வயது 23.

எல்லோரும் தேறிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. 2014-இல் இரண்டாவதாக எடுக்கப்பட்ட கிரெக் ராபின்சனை ராம்ஸ் அணி கார்டாக நிறுத்திப் பார்த்தது, டேக்கிளாக நிறுத்திப் பார்த்தது, மூன்று வருடம் கழித்து ஆறாவது சுற்றுத் தேர்வு ஒன்றுக்கு டெட்ராய்ட்டுக்குக் கொடுத்துவிட்டது. மூன்றாம் வருடத்திலும் முதல் வருடத் தப்பையே செய்கிறவர் என்றால் எனக்கும் நம்பிக்கை குறைந்துவிடும். தப்பு மாறிக்கொண்டே வருகிறதென்றால், அதாவது பாய்வதை விட்டுவிட்டு இப்போது கையை லேட்டாக வைக்கிறார் என்றால், அவர் ஏதோ கற்றுக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

நீலிடம் டேக்கிள் வேலைக்கு அந்த மாற்றம் எனக்குத் தெரியவில்லை. ஜயண்ட்ஸ் 2025-இல் அவருடைய ஐந்தாம் ஆண்டை எடுக்காமல் விட்டதும் சரிதான். ஆனால் அந்தக் கோடைப் பயிற்சி முகாமில் அவரைக் கார்டாக இறக்கினார்களே, அதை முதல் வருடமே செய்திருக்க வேண்டும். நல்ல லைன் பயிற்சியாளர் இருக்கிற அணி எதுவாக இருந்தாலும், ஒரு வருட ஒப்பந்தத்தில் அவரைக் கார்டாக எடுத்து, முதல் எட்டு ஆட்டம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துப் பார்க்கலாம். உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை லைன்மேனைப் பற்றி எழுதும்போது, தயவுசெய்து சாக் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அந்த ஆள் எந்தக் காலில், எந்தக் கையில் தோற்றார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி