பேய் வரும் நேரத்தில் பப்ஸ் கொண்டு வராதீர்கள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தியேட்டர் நடத்துகிற முதலாளிகளுக்கும், மேனேஜர் சார்களுக்கும், முக்கியமாக மேலே கேபினில் உட்கார்ந்திருக்கிற ஆபரேட்டர் அண்ணன்களுக்கும் வணக்கம்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். எந்தப் பேய்ப்படம் வந்தாலும் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுகிற ஐந்து பேர் கூட்டம் எங்களுடையது. விமர்சனம் படித்துவிட்டுப் போகிற பழக்கமெல்லாம் கிடையாது, போஸ்டரில் ஒரு பாழடைந்த பங்களாவும் விரித்த தலைமுடியும் இருந்தால் போதும், வண்டியை எடுத்துவிடுவோம். எத்தனையோ மொக்கைப் படத்துக்கும் உங்களுக்குக் காசு கொடுத்திருக்கிறோம், அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் நடந்தது இது. எந்தத் தியேட்டர் என்று சொல்லப்போவதில்லை, எல்லா இடத்திலும் இதே கதைதான். வேலூரில் இரண்டாம் ஆட்டம். படத்தில் ஒரு பெண் வீட்டில் தனியாக இருக்கிறாள், கரண்ட் போய்விட்டது, மாடிப்படிக்கு மேலே எதுவோ நிற்கிறது, நிற்கிறதா இல்லையா என்று நமக்கே தெரியவில்லை, பின்னணி இசையைச் சுத்தமாக நிறுத்திவிட்டார்கள், அவள் மூச்சு மட்டும் கேட்கிறது. பக்கத்து சீட்டில் இருந்த தோழி என் துப்பட்டா நுனியை விரலில் சுருட்டிச் சுருட்டி, விரல் வெளுத்துப்போகிற அளவுக்கு இறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது பார்த்து வலது பக்கக் கதவு திறந்தது. வராந்தா டியூப்லைட் வெளிச்சம் பாதித் திரைக்கு வெள்ளையடித்தது. செல்போன் டார்ச்சோடு ஒரு தம்பி உள்ளே வந்து, "ஹெச் பன்னண்டு யாருங்க? ரெண்டு பப்ஸ், ஒரு காபி!"

தியேட்டரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அதற்கப்புறம் அந்தப் பேய் ஒரு மணி நேரம் தலைகீழாக நின்று பார்த்தும் எங்களை ஒன்றும் செய்ய முடியவில்லை, பாவமாக இருந்தது.

சண்டைப் படத்திலும்தான் சீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறோம், அப்போதெல்லாம் யாரும் மடல் எழுதவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். சண்டைக்கு அது பரவாயில்லை சார், நடுவில் யார் குறுக்கே போனாலும் அடி விழுகிறவனுக்கு விழுந்துகொண்டே இருக்கும். பயம் என்பது பாலுக்கு உறை ஊற்றி வைத்த மாதிரி, நடுவில் பாத்திரத்தை ஆட்டினால் அவ்வளவுதான்.

இது எனக்கு முதலில் புரிந்தது தியேட்டரில் இல்லை, பாலாற்றங்கரையில். விருதம்பட்டில் பாட்டி வீடு. மாசியில் சிவராத்திரி முடிந்து மயானக் கொள்ளை வரும், அங்காளம்மன் ஊர்வலம் ஆற்றுக்குப் போகும், வழியெல்லாம் காளி வேஷம் கட்டியவர்கள். எனக்கு ஆறு வயது, அப்பா தோளில் உட்கார்ந்திருக்கிறேன். பம்பை அடிக்க அடிக்க ஒரு காளி எங்களுக்கு நேரே வந்து ஆடினார், நீல முகம், தொங்குகிற சிவப்பு நாக்கு, கழுத்தில் மண்டையோட்டு மாலை, நான் கை தட்டிக்கொண்டு பார்த்தேன், பயமே இல்லை. திடீரென்று பம்பை நின்றது. ஆடியவர் நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், வேறு ஒன்றும் செய்யவில்லை. வேர்வையில் நீலச் சாயம் கழுத்துப் பக்கம் வழிந்து, அடியில் சாதாரண மனுஷத் தோல் தெரிந்தது. சாயம்தான் என்று தெரிந்த அந்த நொடியில்தான் நான் அப்பாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு அலறினேன். அன்றைக்கு ராத்திரி காய்ச்சல், பாட்டி வேப்பிலை அடித்துத் திருநீறு போட்டாள்.

பொய் என்று தெரிந்தும் ஏன் பயம் என்று இன்றைக்கும் எல்லாரும் எங்களைக் கேட்கிறார்கள். மூளையில் அமிக்டலா என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது, ஆபத்து மாதிரி ஏதாவது காதில் கண்ணில் விழுந்தால் "ஏய், இது சினிமாடி" என்று யோசிக்கிற பகுதி சொல்லி முடிப்பதற்குள் அது உடம்பை உசுப்பிவிடுகிறது, அட்ரினலின் ஏறிவிடுகிறது. ஆனால் திடுக்கிடுவது வேறு, திகில் வேறு. பட்டென்று கதவைச் சாத்தினாலும்தான் திடுக்கிடுவோம், எங்கள் வீட்டுக் குக்கர் தினமும் அந்த வேலையைச் செய்கிறது. வீடு வரைக்கும் கூடவே வருவது திகில்தான், அது பம்பை நின்ற இடத்தில் பிறக்கிறது. 1975இல் வந்த 'ஜாஸ்' என்ற சுறாப் படத்தை எடுத்தபோது இயந்திரச் சுறா அடிக்கடி பழுதாகி நின்றதால், டைரக்டர் ஸ்பீல்பெர்க் பல இடங்களில் சுறாவைக் காட்டாமலே எடுக்க வேண்டியிருந்தது, காட்டாததுதான் படத்தைத் தூக்கி நிறுத்தியது. ஜப்பானில் 1998இல் வந்த 'ரிங்கு'வில் கிணற்றிலிருந்து வருகிற பெண்ணைப் பின்னோக்கி நடக்கவிட்டு, அதைத் திருப்பி ஓட்டினார்கள். முன்னால்தான் வருகிறாள், ஆனால் எதுவோ சரியில்லை, என்னவென்று சொல்லத் தெரிவதில்லை. நம்ம ஊர் 'யாவரும் நலம்' 2009இல் வந்தது. அதில் பங்களாவும் இல்லை சுடுகாடும் இல்லை, நடு வீட்டு டிவியில் மத்தியானம் ஓடுகிற சீரியல், அவ்வளவுதான். எங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் மத்தியான சீரியலையே போடவில்லை. எந்தச் சாமியாராலும் முடியாத காரியம்!

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். டால்பி ப்ராசஸரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடர் 7இல் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு, அந்த அளவில் கேட்டுத்தான் படத்துக்கு மிக்ஸிங் செய்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சத்தம் காதைக் கிழிக்கிறது என்று யாராவது வந்து புகார் சொன்னால் நீங்கள் அதை ஐந்துக்கோ அதற்கும் கீழேயோ இறக்கிவிடுகிறீர்கள், உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் இறக்கினால் அலறல் அப்படியேதான் கேட்கிறது, முணுமுணுப்புதான் ஏசி இரைச்சலில் செத்துப்போகிறது. எங்களுக்கு வேண்டியது அந்த முணுமுணுப்பு. திரை வெளிச்சமும் அப்படித்தான். திரைப் பிரகாசத்தை அளக்கிற கணக்கில் 14 ஃபுட்லாம்பர்ட் என்று ஒரு தரம் இருக்கிறது, பழைய லாம்ப்பைக் கடைசி மூச்சு வரைக்கும் ஓட்டினால் இருட்டுக் காட்சியில் இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது, மூலையில் நிற்பதை நாங்கள் பார்க்கவே மாட்டோம். எக்ஸிட் பச்சை விளக்கு எரியட்டும், அது உயிர் சமாச்சாரம். பேய் சிகரெட் பிடித்தாலும் கீழே எச்சரிக்கை வரியை ஓடவிட வேண்டும் என்பது சட்டம், அதற்கும் நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் ஏ சர்டிபிகேட் படத்துக்கு இரண்டு வயதுக் குழந்தையை உள்ளே விடுவது உங்கள் பொறுப்பு. அந்தக் குழந்தை அழுவதைக் கேட்டால் எனக்கு நீலக் காளி ஞாபகம்தான் வருகிறது.

1960இல் 'சைக்கோ' வந்தபோது, படம் தொடங்கிய பிறகு ஒருத்தரையும் உள்ளே விடக்கூடாது என்று அதை எடுத்த ஹிட்ச்காக் தியேட்டர்காரர்களிடம் கறாராகச் சொல்லிவிட்டார். பாதிப் படத்தில் நுழைந்து, விட்ட பாதியை அடுத்த ஆட்டத்தில் பார்ப்பது அமெரிக்காவில் சகஜமாக இருந்த காலம். அவர்களுக்கும் வயிற்றில் புளி கரைத்திருக்கும், ஆனால் வாசலில் வரிசை நின்றது. அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. படம் முடிந்தபின் அரை நிமிஷம் அரங்கத்தை இருட்டாகவே வைத்திருங்கள் என்றும் கேட்டிருந்தார். நம் பக்கம் கடைசிக் காட்சிக்கு இரண்டு நிமிஷம் முன்னாடியே கதவைத் திறந்து, எல்லா லைட்டையும் போட்டு, விளக்குமாறோடு ஆள் உள்ளே வந்துவிடுகிறார்கள்.

படம் வேலை செய்ததா என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. ஐந்து பேர், மூன்று வண்டி. இரண்டாம் ஆட்டம் முடிந்து ஒரு மணிக்கு மேல் மேல்விஷாரம், ஆற்காடு தாண்டி, பாலாற்றுப் பாலத்தில் ஏறி ஊர் வந்து சேர வேண்டும். நல்ல படமாக இருந்தால் கடைசி வண்டியின் பின் சீட்டில் உட்கார யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஸ்டாண்டிலேயே பத்து நிமிஷம் சண்டை நடக்கும், சீட்டு குலுக்கிப் போட்டதும் உண்டு. பப்ஸ் வந்த அன்றைக்கு யாரும் சண்டை போடவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்தவள் பாலத்தின் மேலேயே என் முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

பப்ஸை இடைவேளையில் நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம், விலையைக் குறைக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. கதவைச் சாத்தி வையுங்கள், ஃபேடரைக் கொஞ்சம் ஏற்றுங்கள், படம் முடிந்ததும் முப்பது எண்ணிவிட்டு லைட் போடுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பேய்ப்படம் வருகிறது, நாங்கள் ஐந்து பேரும் வருகிறோம்.

இப்படிக்கு,
கடைசி வண்டியை ஓட்டுகிறவள்