மழைக்கு முன்னால் கன்று நடுவோம்

தெரு உறவுகளே, வணக்கம். ஐப்பசி மழை நெருங்குகிறது. நம் மண்டபம் ஊர்ப் பக்கம் கன்று நட இதைவிட நல்ல நேரம் கிடையாது. நம் உப்புக்காற்றை எல்லா மரமும் தாங்காது. பூவரசு, புன்னை, வேம்பு தாங்கும். பூவரசுக்குக் கன்றே வேண்டாம், நல்ல போத்தாக, அதாவது தடித்த கிளையாக, வெட்டி ஊன்றினால் துளிர்த்துவிடும்.

எங்கள் வீட்டு மேற்குச் சுவர் சாயங்காலம் 4 மணிக்கும் கை வைக்க முடியாமல் கொதிக்கும். பூவரசு நிழல் விழுந்த பிறகு அந்தச் சுவரோரம்தான் அம்மா வலை முடைகிறார். நிழல் மட்டுமில்லை, இலை விடும் ஈரமும் காற்றைக் குளிர்விக்கிறது.

சுவரிலிருந்து 10 அடி தள்ளி நடுங்கள், மின்கம்பிக்குக் கீழே வேண்டாம். அப்புறம், ஆடு பூவரசு இலையை விடாது. சீமைக்கருவேல முள்ளை அடைப்பாகக் கட்டுங்கள், நெற்றை உதிர்த்துவிட்டு; இல்லாவிட்டால் அதுவே முளைத்துவிடும்.

ஞாயிறு காலை 7 மணிக்கு மண்வெட்டியோடு வாருங்கள்.