போர் அடிக்கலயாம்மான்னு கேட்டல்ல

பாப்பா,

சாப்பிட்டியா. நேத்து போன்ல "லீவு பூரா வீட்டுலயேவா இருந்தீங்க, எங்கயுமே போகலயா, போர் அடிக்கலயாம்மா"ன்னு கேட்ட. அப்ப அடுப்புல பால் பொங்கி வந்துக்கிட்டு இருந்துச்சு, இந்தப் பக்கம் உன் மதினி வேற கூப்பிட்டுக்கிட்டே இருந்தா, இல்லடான்னு மட்டும் சொல்லி வச்சுட்டேன். ராத்திரி படுத்தப்புறம் உனக்கு எல்லாத்தையும் சொல்லணும்னு தோணிச்சு, அதான் வாட்ஸப்லயே டைப் பண்றேன், நீளமா இருந்தா ஆபீஸ்ல படிக்காத, ரூமுக்குப் போயி நிதானமா படி.

அப்பாவுக்கு ரெண்டாவது கண்ணுலயும் புரை எடுத்ததுலருந்து கொஞ்ச நாளைக்கு கண்ணுக்கு சிரமம் குடுக்காதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாருல்ல. அவுகளுக்கு பேப்பர் படிக்கலன்னா பொழுது விடிஞ்ச மாதிரியே இருக்காது. நான் தார்சாவுல உக்காந்து தலைப்புச் செய்திலருந்து வரன் தேடுற பக்கம் வரைக்கும் வாசிச்சுக் காட்டுவேன். முடிஞ்சதும் "அப்புறம்?"ம்பாரு. அப்புறம் என்னத்த வாசிக்கிறது, பீரோவத் தொறந்தா கி.ரா.வோட, அதான் கி.ராஜநாராயணனோட, கோபல்ல கிராமம் நாவல் கண்ணுல பட்டுச்சு, நீ காலேஜ் படிக்கும்போது வாங்குன காப்பிதான், உள்ள உன் பஸ் டிக்கெட்கூட அப்படியே இருக்கு. சின்ன புத்தகம்தான, வாசிச்சுருவோம்னு ஆரம்பிச்சோம்.

அந்த நேரம்தான் அரையாண்டு லீவுக்கு கோயமுத்தூர்லருந்து அண்ணனும் மதினியும் பிள்ளைகளக் கூட்டிட்டு வந்தாங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டு நானும் உன் மதினியும் மொச்சை உரிச்சுக்கிட்டு இருக்கோம், அப்பா சாய்வு நாற்காலியில கறுப்புக் கண்ணாடியோட உக்காந்துருக்காரு, நான் ஒரு கையில புத்தகத்தப் பிடிச்சுக்கிட்டு சத்தமா வாசிக்கிறேன். ஆரம்பத்துலயே ஒரு இடம் வரும் ஞாபகம் இருக்கா, புருஷன்கூட கோவிச்சுக்கிட்டு வயித்துப்பிள்ளையோட ஒரு பொண்ணு தனியா நடந்து வருவா, தாகத்துக்கு தண்ணியில இறங்கிக் குடிக்கும்போது நகைக்கு ஆசைப்பட்டு ஒருத்தன் அவள தண்ணிக்குள்ள அமுக்கிருவான், ஆனா அவ சாகும்போது அவன் கால் கட்டைவிரலக் கவ்வுன பல்லு விடாது, அவனால ஒரு அடி நகர முடியாது. அதுவரைக்கும் உள்ள போன் பாத்துக்கிட்டு கெடந்த பெரியவன் எப்ப வந்து நிலப்படியில உக்காந்தான்னே தெரியல. சின்னவ மெதுவா ரெண்டு காலையும் பாவாடைக்குள்ள இழுத்து வச்சுக்கிட்டா. "அப்புறம் அவன் என்ன ஆனான் ஆச்சி, என்ன ஆனான்"னு ரெண்டும் என் முழங்கையப் பிடிச்சு ஆட்டுதுங்க. மொச்சை அப்படியே கெடக்கு, உன் மதினி உரிக்கிறத விட்டுட்டு என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கா.

அன்னைலருந்து மத்தியானம் ஆனா இதே வேலைதான். பெரியவன் நான் வாசிக்கிறேன்னு புத்தகத்த வாங்கிக்கிட்டான். இங்கிலீஷ் மீடியம் பிள்ளை, முதல்ல எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வாசிச்சான், நம்ம ஊர்ப் பேச்சுல எழுதுன இடம் வந்தா மட்டும் சரசரன்னு ஓடும், ஏன்னா அது தாத்தா பேசுற மாதிரியே இருக்கு. அப்பா நடுவுல நடுவுல நிறுத்தச் சொல்லுவாரு, மேழின்னா என்ன, கிணத்துல மாடு கட்டி கமலைத் தண்ணி எப்படி இறைப்பாங்க, வடத்துல ஆள் எப்ப ஏறி உக்காருவான்னு எல்லாம் பிள்ளைகளுக்கு சொல்லிக் குடுப்பாரு. அவரு சின்னப்பிள்ளையில கமலை இறைச்ச கதைய நானே இப்பத்தான் முழுசா கேட்டேன்னா பாத்துக்கோ. எத்தனையோ வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம், யாரு உக்காந்து கேட்டா.

லீவு முடிஞ்சு கிளம்பும்போது கதையில மங்கத்தாயாரு அம்மா, அந்த நூறு வயசத் தாண்டுன பாட்டி, அவங்க ஆளுக ஆந்திராலருந்து ராத்திரியோட ராத்திரியா தப்பிச்சு தெக்க வந்த கதைய சொல்லிக்கிட்டு இருக்கா. "நான் பொங்கலுக்கு வார வரைக்கும் யாரும் வாசிக்கக் கூடாது"ன்னு பெரியவன் தாத்தாகிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போனான். அப்பாவும் கேட்டுக்கிட்டாரு. தெனமும் ராத்திரி சாப்பிட்டுட்டு அந்த பீரோவ ஒரு பார்வை பாப்பாரு, தொடமாட்டாரு.

பொங்கல் இந்த வருஷம் எனக்கு ரொம்ப பிடிச்சுப் போச்சு பாப்பா. பெருசா ஒண்ணும் செய்யல. போகிக்கு வீடு கழுவி விட்டோம், பொங்கலன்னைக்கு வாசல்ல மூணு கல்லு வச்சு வெண்கலப் பானையில பொங்கல் விட்டோம், மஞ்சக் குலை, கரும்பு, அஞ்சு வகைக் கிழங்கு. பனங்கிழங்குதான் நம்ம ஊருப் பக்கம் இல்லாம பொங்கலே இல்லையே, மஞ்சளும் உப்பும் போட்டு ஒரு அண்டா அவிச்சேன். டிவியில அவனியாபுரம் ஜல்லிக்கட்டு ஓடிச்சு, மறுநாள் பாலமேடு, அதுக்கு மறுநாள் அலங்காநல்லூர், அப்பா கண்ண மூடிக்கிட்டு சத்தத்த மட்டும் கேட்டுக்கிட்டு எந்த மாடு பிடிபட்டுச்சு எது பிடிபடலன்னு சொல்லுவாரு, பிள்ளைக செக் பண்ணும். அது முடிஞ்சதும் டிவிய ஆஃப் பண்ணிட்டு கிழங்கு தட்டோட தார்சாவுக்கு வந்துருவோம். நாரு உரிச்சு, நடுவுல ஒடிச்சு, தின்னுக்கிட்டே கதை. ஆத்துல வெள்ளம் போகுது, பின்னால ராசாவோட ஆளுக துரத்திட்டு வாரான், முன்னால போக வழியில்ல, கரையில நிக்குற மரம் அப்படியே வளைஞ்சு குனிஞ்சு அவங்கள அக்கரைக்கு அனுப்புது, அந்த இடத்த உன் மதினி வாசிச்சா. அவளுக்கு அவ்வளவு நல்லா வாசிக்க வரும்னு எனக்குத் தெரியவே தெரியாது, ஏத்தி இறக்கி, நிறுத்தி நிறுத்தி, சின்னவ மூச்சே விடல. கல்யாணத்துக்கு முன்னால நூலகத்துலருந்து தெனம் ஒரு புத்தகம் எடுப்பாளாம், இப்பத்தான் சொல்லுதா.

எனக்கு அந்தக் கதையில என்ன பிடிக்கும்னா, தீவட்டிக் கொள்ளைக்காரங்க வாரது, துரத்துறது, தப்பிக்கிறது எல்லாம் இல்ல. அந்தக் கோட்டையார் வீட்டுல அண்ணன் தம்பிக ஆளுக்கொரு வேலைய பாத்துக்கிட்டு, காட்டத் திருத்தி, மாடு கன்னு பெருக்கி, ஆக்கித் தின்னு, சண்டை போட்டு சேந்து இருக்குறது இருக்கு பாரு, அதுதான். கதை எங்க நகருதுன்னு பாக்குறவங்களுக்கு அந்தப் பக்கங்கள வாசிக்கப் பொறுமை இருக்காது. எனக்கு அதுலதான் ருசியே. நீ இப்ப யூட்யூப்ல பத்து நிமிஷத்துல நாவல் கதைய கேட்டுருவேன்னு சொன்னியே, கேளு, வேண்டாம்னு சொல்லல, ஆனா அந்தப் பத்து நிமிஷத்துல இந்தப் பக்கங்கள் ஒண்ணுகூட இருக்காது பாப்பா. மரம் வளைஞ்சது இருக்கும், வீடு இருக்காது.

காணும் பொங்கலுக்கு எல்லாரையும் நம்ம ஊருல கி.ரா.வுக்கு கட்டியிருக்குற நினைவரங்கத்துக்கு கூட்டிட்டுப் போனோம், தூரம் இல்ல, ஆட்டோதான். பெரியவன் சிலை முன்னால நின்னு "இவரு நெசமாவே இடைசெவலா?"ன்னு ரெண்டு தடவ கேட்டான். திருநெல்வேலி பஸ்ல போகும்போது தெனம் பாக்குற ஊருல்ல. அப்பாவுக்கு உற்சாகம் வந்துருச்சு, இடைசெவல்ல ஒரே தெருவுல வளந்த சிநேகிதங்க கி.ரா.வும் கு.அழகிரிசாமியும், ரெண்டு பேருக்கும் சாகித்ய அகாடமி, அழகிரிசாமிக்கு 1970ல, கி.ரா.வுக்கு 1991ல, இந்தப் பக்கம் பூமணிக்கு 2014ல, உருளைகுடி சோ.தர்மனுக்கு 2019ல, எல்லாம் நம்ம கோவில்பட்டியச் சுத்தி இருக்குற கரிசக்காட்டு ஊருக்காரங்கன்னு அடுக்கிட்டாரு. கடலை மிட்டாயும் தீப்பெட்டியும் மட்டும்தான் நம்ம ஊருன்னு பிள்ளைக நெனச்சுக்கிட்டு இருந்துச்சு. அழகிரிசாமி மெட்ராசுலருந்து கி.ரா.வுக்கு எழுதுன கடுதாசிகூட புத்தகமா வந்துருக்குன்னு அப்பா சொன்னாரு, அத அடுத்து வாங்கணும், சிநேகிதங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு எனக்கு பாக்கணும்.

இதுதான் எங்க லீவு. நீயும் இருந்துருந்தா நல்லா இருந்துருக்கும்னு ஒவ்வொரு மத்தியானமும் நெனச்சேன். புனேயில பொங்கலுக்கு லீவு கிடையாது, தெரியும். நீ வரும்போதெல்லாம் கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் வேலைன்னு ஏதாவது ஒண்ணுக்குத்தான் வார, ரெண்டு நாள் ஓட்டமா ஓடிட்டு ரயில் ஏறிருத. இந்தத் தடவ ஒரு காரியமும் இல்லாம வா. யாரு வீட்டுக்கும் போக வேண்டாம், யாருக்கும் சொல்லக்கூட வேண்டாம். காலைல லேட்டா எந்திரி, நான் கம்பங்கூழ் கரைச்சு வைக்கேன், மோர் மிளகா வறுத்துக்கலாம், மத்தியானம் நீ வாசி, நான் படுத்துக்கிட்டு கேக்கேன். பத்தாவது லீவுல பொன்னியின் செல்வன வச்சுக்கிட்டு சோத்துக்கு கூப்பிட்டா எந்திரிக்காம கெடந்த பிள்ளைதான நீ, அந்த கல்கி பத்திரிகையில வந்தத வாரா வாரம் கிழிச்சு பைண்ட் பண்ணி எங்க அத்தை வச்சுருந்த செட்டு, 1950லருந்து மூணரை வருஷம் சேத்தது, மணியம் படத்தோட, அது உனக்குன்னுதான் டிரங்குப் பெட்டியில வச்சுருக்கேன். வேப்பிலை போட்டு வச்சுருக்கேன், பூச்சி அரிக்கல.

பொங்கப்படியா அண்ணன் கையால ஜிபே போட்டாச்சு, பாத்தியா. பார்சலும் போட்டுருக்கேன், கிழங்கு, கடலை மிட்டாய், மதினி சுட்ட முறுக்கு, கூட கோபல்லபுரத்து மக்கள் ஒரு காப்பி, ரெண்டாம் பாகம் அதுதான். இங்க ஒண்ணு வாங்கிட்டோம், பெரியவன் கோயமுத்தூர்ல ஒண்ணு வச்சுருக்கான். தெனம் ராத்திரி கொஞ்சம் கொஞ்சம் வாசிச்சுட்டு ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீடியோ கால்ல பேசுறதா பிளான், தாத்தாவுக்கு மட்டும் நான் வாசிச்சுக் காட்டிருவேன். நீயும் சேந்துக்கோ, முழுசா முடிக்கலன்னாலும் பரவால்ல, முடிச்ச வரைக்கும் சொல்லு.

பார்சல் வந்த அன்னைக்கே பிரிச்சுரு, கிழங்கு பூத்துப் போயிரும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு மேல கூப்பிடு, அதுக்கு முன்னால நாங்க சாப்பிட்டு முடிக்கமாட்டோம்.

அம்மா