டர்பன் சகோதரிக்கு: பாட்டனாரின் பெயரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கொள்ளுத் தாத்தாவின் அப்பா 1870 வாக்கில் மதராசிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தார், அவருடைய ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்த வருஷத்தைச் சரிபார்ப்போம். முதல் கப்பல் 'ட்ரூரோ' 1860 அக்டோபர் 12 அன்று 342 பேருடன் மதராசை விட்டுக் கிளம்பி, நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. 1866 வரை கப்பல்கள் வந்தன. அதன் பிறகு 1874 வரை ஒப்பந்தக் கப்பலே வரவில்லை. ஆகவே அவர் 1866க்குள் வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 1874க்குப் பிறகு. வீடுகளில் வழிவழியாகச் சொல்லும் வருஷம் பல சமயம் மூத்த பிள்ளை பிறந்த வருஷமாகவோ ஒப்பந்தம் முடிந்த வருஷமாகவோ இருக்கும்.

1911 வரை நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். முனிசாமியும் கோவிந்தனும் லட்சுமியும் அந்தப் பட்டியல்களில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். பெயரை வைத்துத் தேடினால் யாரோ ஒருவருடைய பாட்டனாரை உங்கள் பாட்டனார் என்று கொண்டாடிவிடுவீர்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்திருந்தார்கள். தேட வேண்டியது அதைத்தான்.

எண் எங்கே கிடைக்கும்? வீட்டுப் பெட்டிகளின் அடியில் கிடக்கும் தாள்கள் எதையும் எறிந்துவிடாதீர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் கொடுத்த விடுதலைச் சீட்டு, பழைய திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு ஆகியவற்றில் பெயருக்குப் பக்கத்தில் வெறும் எண் ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் அதுதான். மூன்று பவுண்டு வரி கட்டிய ரசீது இருந்தால் கவனியுங்கள். அந்த வரி 1895 சட்டத்துக்குப் பிறகு ஒப்பந்தத்தில் வந்தவர்கள் மீது விழுந்தது, 1914இல்தான் ஒழிந்தது. ரசீது அவருடையது என்றால் 1870 கதையை அப்படியே மறந்துவிடலாம். மகனுடையது என்றால் அதற்கு வேறு கணக்கு: 1903இல் அந்த வரியைப் பிள்ளைகள் மீதும் நீட்டினார்கள்.

தாள் எதுவும் இல்லையென்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் அவருடைய சொத்துக் கோப்பை, அதாவது இறந்தபின் சொத்தைப் பைசல் செய்யத் திறந்த கோப்பைக் கேளுங்கள். அதிலுள்ள மரண அறிவிப்பில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், பிள்ளைகள் பெயர் கேட்கப்பட்டிருக்கும். சொத்தே இல்லாதவருக்குக் கோப்பும் இருக்காது. அப்போது அவருடைய பிள்ளைகளின் கோப்பைத் தேடுங்கள். இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகத்துக் கடிதங்கள் டர்பன் காப்பகத்தில் இருக்கின்றன. கூலி பாக்கி, அடி, பிரிந்த மனைவி என்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் அந்த அதிகாரியிடம் கொடுத்த புகார்கள் அங்கேதான் கிடக்கின்றன. பொறுமையாகப் படியுங்கள். அந்த மனிதர்களின் குரல் தாளில் மிஞ்சியிருப்பது அந்தக் கோப்புகளில்தான்.

எண் கிடைத்ததும் கப்பல் பட்டியலில் ஒரே ஒரு வரியாக அவர் இருப்பார்: எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம். இந்த வரியை வாய்விட்டுப் படியுங்கள். தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியவர்களின் எழுத்து இது. கண்ணை விடக் காதுக்குத்தான் பிடிபடும். 'வாண்டிவாஷ்' என்றால் வந்தவாசி. 'ட்ரினோமலி' என்றால் திருவண்ணாமலை, அதை இலங்கைத் திரிகோணமலை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. சாதிப் பத்தியில் 'மலபார்' என்று இருந்தால் கேரளத்துக்கு ஓடாதீர்கள். அக்காலத்தில் தமிழரைக் குறிக்க அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். 'ஜென்டூ' என்றால் தெலுங்கர். இன்று உங்கள் குடும்பம் வைத்திருக்கும் நாயுடு, கோவெண்டர், பிள்ளை எதுவும் இந்தப் பத்தியோடு ஒத்துப்போக வேண்டும் என்றில்லை. கரை இறங்கிய பிறகு பலர் புதுப் பட்டம் சூடிக்கொண்டார்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அடுத்தடுத்த எண்களையும் பாருங்கள். மனைவி, பிள்ளைகள், தம்பி தொடர்ந்து வருவார்கள். ஆனால் கப்பலில் ஆண்களுக்கு இத்தனை பெண்கள் வேண்டும் என்ற விகிதக் கட்டாயம் இருந்ததால், கப்பலேறும் முன் தங்கவைத்த மதராஸ் டிப்போவிலேயே ஜோடி சேர்ந்தவர்களும் உண்டு. பாட்டியின் கிராமத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வேறு ஜில்லாக்காரராக இருக்கலாம்.

இனி வரைபடம். இன்றைய மாவட்டத்தை வைத்துத் தேடினால் தவறிப்போகும். அன்றைய வடாற்காட்டுக்குத் தலைநகர் சித்தூர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகி, இன்று ஆந்திராவில் இருக்கிறது. திருவண்ணாமலையோ அப்போது தென்னாற்காட்டுத் தாலுகா. புதூர், நல்லூர் என்ற பெயரில் தாலுகாவுக்கு நாலு ஊர் இருக்கும் என்பதால், கிராமப் பெயர் மட்டும் கிடைத்தால் போதாது, தாலுகாவும் வேண்டும்.

ஊர் தெரிந்ததும் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போய் அந்தக் கிராமத்தின் செட்டில்மெண்ட் பதிவேட்டை, அதாவது நிலவரிப் பதிவேட்டைக் கேட்கலாம். ஆனால் அதில் பட்டாதாரர்கள்தான் இருப்பார்கள். கப்பலேறியவர்களில் நிலமில்லாதவர்கள் மிகுதி; பெயர் இல்லை என்பதால் ஊர் தவறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிறப்பு இறப்புப் பதிவுக்காகவும் நாள் வீணாக்க வேண்டாம். மதராஸ் மாகாணத்தில் அதற்கான சட்டமே 1899இல்தான் வந்தது.

ஊருக்குள் போனதும் அவருடைய பெயரைச் சொல்லித் தேடாதீர்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் போன ஒருவரின் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. உங்கள் வீட்டில் ஆடி மாதம் யாருக்குக் கூழ் ஊற்றினார்கள், கிடா யாருக்கு வெட்டினார்கள் என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கங்கையம்மனா, மதுரை வீரனா, மன்னாதீஸ்வரனா? ஊரில் கேட்க வேண்டியது, "இந்தச் சாமியைக் குலதெய்வமாகக் கும்பிடுகிற வகையறா எது?" என்பதுதான். பூசாரியிடம் கேளுங்கள். ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம் வீட்டாரிடமும் கேளுங்கள். பரம்பரைக் கர்ணம் பதவி 1980இல் ஒழிந்தாலும் பழைய கணக்குக் கட்டு சில வீடுகளில் பரணில் இருக்கும்.

குலதெய்வத் திருவிழா எப்போது என்று முன்கூட்டியே போன் போட்டு விசாரித்து, அந்த நாளுக்கு டிக்கெட் எடுங்கள். சாதாரண நாளில் போனால் நாலு வீடுதான் திறந்திருக்கும். திருவிழாவுக்கு வெளியூர்ப் பங்காளிகள் எல்லோரும் வந்திருப்பார்கள்.

அன்புடன்.