கோப்பைக் கணக்கு

கிளாஸ்கோ,
மார்கழி 8

அன்புள்ள அம்மாவுக்கு,

மாமி மகனிடம் கொடுத்துவிட்ட கடிதமும் மாசித்தூளும் கிடைத்து 12 நாளாயிற்று. "கை முறிஞ்சு போச்சோ புள்ள?" என்று கேட்டிருந்தீர்கள். முறியவில்லை. சோதனை, கட்டுரை என்று நாள் போய்விடுகிறது. குளிரைப் பற்றி இனி எழுதமாட்டேன். நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

நெத்தலி பொரித்த அன்று புகை அலாரம் அலறி, கீழ்வீட்டுக் கிழவி துவாயோடு ஓடிவந்தா. கதிரையில் ஏறி நின்று அலாரத்துக்கு விசிறிவிட்டு, போகும்போது இரண்டு நெத்தலியை வாயில் போட்டுக்கொண்டு போனா. இப்போது வெள்ளிக்கிழமையானால் கதவைத் தட்டி, "மீன் இல்லையா?" என்கிறா.

நான் சமைக்கவா படிக்கிறேன் என்று பெரியம்மா கேட்டாவாம். சமையல் இல்லை, போசாக்கு. இந்தத் தவணை ஆய்வு முறையியல். ஒருவர் என்ன தின்கிறார் என்று அறிவதே பெரும்பாடு அம்மா. நேற்று 24 மணி நேரத்தில் வாயில் போனதையெல்லாம் கேட்டு எழுத வேண்டும். முதலில் குறுக்கே பேசாமல் சொல்லவிட வேண்டும். மறுகா, "தேத்தண்ணி குடிக்கலையா, சீனி போட்டீங்களா" என்று மறந்ததைக் கிளற வேண்டும். மறுகா அளவு. முகத்தைச் சுழித்துக் கேட்டால் ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள். சீனி வருத்தத்துக்கு டொக்டர் கேட்டபோது மாமா சொன்ன பதில் நினைவிருக்கிறதுதானே?

வகுப்பில் சோடி சேர்த்து ஒருவரையொருவர் கேட்கச் சொன்னார்கள். எனக்கு வாய்த்தது ஒரு சென்னைப் பிள்ளை. "இரவு ஒரு கோப்பை சோறு, பருப்பு" என்றேன். கணக்குப் போட்டுவிட்டு, "இதை சாப்பிட்டா நீ உயிரோட இருக்க?" என்று திகைத்தாள். பார்த்தால், அவர்களுக்குக் கோப்பை என்பது தேத்தண்ணி குடிக்கிற பாத்திரமாம்! நாம் சோறு தின்கிற கோப்பை அங்கே தட்டு. ஒரு சொல்லில் பாதிச் சோறு காணாமல் போயிற்று. விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் தாளில் அதைத் திருத்தச் சொல்லவில்லை. அவள் எழுதியதே கிட்டத்தட்டச் சரியாக... சும்மா சொல்கிறேன். இரவில் நான் குறைவாகத்தான் தின்பேன், உங்களுக்குத் தெரியாததா.

ஒரு கோழிக் கதையும் படித்தோம். 1890களில் ஜாவாவில் எய்க்மன் என்ற ஒல்லாந்து டொக்டரின் கோழிகள் காலில் வலுவில்லாமல் விழுந்தன, பிறகு தாமாகவே எழும்பின. விசாரித்தால், ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்றிருக்கின்றன. புதிதாக வந்த சமையற்காரன் அதைக் கொடுக்கமாட்டேன் என்றதும் சுகமாகிவிட்டன. மாச்சத்தில் ஏதோ நஞ்சு என்றுதான் அவர் முதலில் நினைத்தார். அது பிழை. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போகிற பி1 விட்டமின் இல்லாததுதான் காரணம். நினைத்தது பிழையானாலும் கோழிகளைப் பிரித்து, தீட்டியதையும் தீட்டாததையும் கொடுத்துப் பார்த்தாரே, அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது.

அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நெல் அவிக்கிற மணம் வந்துவிட்டது அம்மா. அம்மம்மா பாயில் பரப்பி, காலால் துழாவித் துழாவி நடப்பாவே, அந்த மணம். பக்கத்தில் இருந்தவள் தடிமனா என்று கேட்டாள், ஓம் என்றேன். இங்கே ஒரு கடையில் சிவப்பரிசி இருக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன், நம் அரிசி போல இல்லை.

சரி, வீட்டு விசயம். படுவான்கரை வயலில் வெள்ளம் வடிந்ததா? கலியாணத்துக்கு முன் வீட்டைச் சின்னக்கா பேரில் எழுதுங்கள், எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் கிணற்றடி வளவையும் சேர்க்கச் சொல்லி மாமா நிற்கிறார் என்று கேள்வி. உறுதியை முழுதாக வாசிக்காமல் கையெழுத்து வைக்கவேண்டாம். அடகில் இருக்கும் காப்புக்குத் தையில் வட்டி அனுப்புகிறேன், இந்த மாதம் வங்கியில் கொஞ்சம் தாமதம். தம்பி கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை முறுக்குகிறானாம். சோதனை முடியும்வரை திறப்பு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
மகள்