வெங்கரைப் பற்றி என்னோடு பேசியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

லண்டனின் ஆர்சனல் கால்பந்து கிளப்பில் 22 வருடம் மேனேஜராக இருந்த ஆர்சென் வெங்கரைப் பற்றி, அந்த ஊர் ரசிகர்களிடமே நேரில் கேட்டு எழுத வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. கட்டுரையை ஒருவழியாக முடித்துவிட்டேன். நான் ஒருவனாக உட்கார்ந்து எழுதியிருக்கக்கூடியது இல்லை அது. இந்த மடலைப் படிக்க உங்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் சித்தி மகள் உங்களிடம் வந்து வாசித்துச் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.

அதனால் முதல் நன்றி அவருக்கு. அக்கா, பன்னிரண்டு நாள் தங்க இடம் கொடுத்து, எத்தனை மணிக்கு வந்தாலும் சோறு போட்டீர்கள். அதைவிடப் பெரிய உதவி, நான் பதிவு செய்துகொண்டு வந்த பேச்சில் எனக்குப் பிடிபடாத லண்டன் ஆங்கிலத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிக் கொடுத்தது. "எனக்கு ஆஃப்சைடுன்னா என்னன்னே தெரியாதுடா" என்று ஆரம்பித்தவர், கடைசி நாள் "பாவம்டா அந்த மனுஷன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள்.

ஹாலோவே ரோடு டீக்கடைக்காரருக்கும் நன்றி. மேஜையில் விட்டுவிட்டுப் போன என் போனை ராத்திரி முழுக்கக் கல்லாவில் பத்திரமாக வைத்திருந்து, காலையில் பேர் கேட்டு, ஊர் கேட்டு, அப்புறம்தான் கையில் கொடுத்தார். நான்கு மணி நேரப் பேச்சு அதில் இருந்தது. அது போயிருந்தால் கட்டுரையே இல்லை.

ஆர்சனலின் எமிரேட்ஸ் மைதானத்துக்கு வெளியே, 2023இல் வைத்த வெங்கர் சிலையின் அடியில் என்னோடு ஒன்றரை மணி நேரம் நின்று பேசிய பெரியவரே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வெங்கரின் பெருமையைக் கேட்டால் எல்லோரும் 2003-04 லீக் சீசனைத்தான் முதலில் சொல்வார்கள். 38 ஆட்டம், 26 வெற்றி, 12 டிரா, தோல்வியே கிடையாது. நீங்களும் அங்கிருந்துதான் தொடங்குவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் 1999 பிப்ரவரிக்குப் போனீர்கள்.

எஃப்.ஏ. கோப்பையில் ஷெஃபீல்டு யுனைடெட்டோடு ஆட்டம். அடிபட்டுக் கிடந்த தங்கள் வீரருக்காக அவர்கள் பந்தை வெளியே தட்டிவிட்டார்கள். அப்படி வந்த பந்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம். அன்றுதான் முதல்முறையாக ஆர்சனலுக்கு இறங்கியிருந்த கானு, விஷயம் புரியாமல் அதை எடுத்துக்கொண்டு ஓடி ஓவர்மார்ஸுக்குத் தட்ட, அவர் கோல் போட்டுவிட்டார். 2-1. விதிப்படி அது கோல்தான், வெற்றிதான். ஆனால் ஆட்டம் முடிந்த கையோடு வெங்கர், மறுபடி ஆடலாம் என்று சொல்லிவிட்டார். பத்து நாள் கழித்து ஆடினார்கள், மறுபடியும் 2-1. "ஜெயிச்சதைத் திருப்பிக் கொடுத்த மேனேஜரை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டு, சிலையின் கால் பக்கம் ஒட்டியிருந்த ஈர இலையைக் கையால் எடுத்துப் போட்டீர்கள். என் கட்டுரை அந்த இலையில்தான் தொடங்குகிறது.

புது மைதானம் கட்ட கிளப் வாங்கிய கடன் கணக்கைப் பொறுமையாக விளக்கிய தம்பிக்கு நன்றி. 2006இல் பழைய மைதானமான ஹைபரியை விட்டு, சுமார் 39 கோடி பவுண்டு செலவில் கட்டிய புது மைதானத்துக்கு வந்த பிறகு, ஃபாப்ரிகாஸ், நஸ்ரி, வான் பெர்சி என்று நட்சத்திர வீரர்கள் ஒவ்வொருவராக வேறு கிளப்புக்குப் போனதை நான் வெறும் துரோகமாக மட்டுமே பார்த்திருந்தேன். 2005க்கும் 2014க்கும் நடுவே ஒரு கோப்பை கூட இல்லை. ஆனாலும் வருடா வருடம் லீக்கில் முதல் நான்கு இடத்துக்குள் அணி நின்றது. சென்னையில் டி.வி. முன்னால் உட்கார்ந்து கோபப்பட்ட எனக்கு, அது எவ்வளவு பெரிய பாடு என்று யாரும் சொன்னதில்லை.

இனி, யாருக்கு நன்றி சொல்ல ரொம்பத் தயங்கினேனோ அவருக்கு. மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் 8-2 என்று தோற்ற அந்த 2011 ஆகஸ்ட் ஞாயிறு, வாடகை வேனில் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போன அம்மணி நீங்கள். அன்று வந்த ரசிகர்களுக்குக் கிளப் இன்னொரு வெளியூர் ஆட்டத்துக்கு இலவச டிக்கெட் கொடுத்தது. "டிக்கெட் வேண்டாம், பதில் கொடுங்கன்னு நினைச்சேன்" என்றீர்கள். 2017இல் "வெங்கர் அவுட்" அட்டையைத் தூக்கியவர்களில் நீங்களும் ஒருவர். அதைச் சொல்ல நீங்கள் வெட்கப்படவும் இல்லை, பெருமைப்படவும் இல்லை.

அப்புறம் உள்ளே போய் ஒரு சிவப்பு டி-ஷர்ட்டை எடுத்து வந்தீர்கள். 2018 மே 6, வெங்கரின் கடைசி உள்ளூர் ஆட்டம், பர்ன்லியை 5-0 என்று ஜெயித்த நாள். அன்று ஒவ்வொரு இருக்கையிலும் வைத்திருந்த "மெர்சி ஆர்சென்" (பிரெஞ்சில் "நன்றி ஆர்சென்") டி-ஷர்ட். மடிப்புக் கூடக் கலையவில்லை. மடிப்பு ஓரத்தில் மட்டும் சிவப்பு வெளுத்திருந்தது. "போட்டா பொய்யாயிடும்னு தோணிச்சு. தூக்கிப் போடவும் மனசு வரலை" என்றீர்கள். அன்று மைதானத்தில் வெங்கர் மைக்கைப் பிடித்து, நானும் உங்களைப் போல ஓர் ஆர்சனல் ரசிகன்தான் என்று சொன்னபோது, கைதட்டாமல் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னீர்கள். அழுதுகொண்டிருந்ததால் தட்டவில்லை என்று கொஞ்சம் கழித்துச் சேர்த்துக்கொண்டீர்கள்.

அம்மணி, 2017இல் நானும் அவர் போகட்டும் என்றுதான் சொன்னேன், உங்களைவிடக் கடுமையான வார்த்தையில். அதன் பிறகு அவரை நேசித்ததாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றே இத்தனை வருடம் இருந்தேன். உங்கள் வீட்டில் அந்த டி-ஷர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான், இந்தக் கட்டுரையை நான் எழுதலாம் என்ற தைரியம் வந்தது. அந்த நன்றி தனி.

கட்டுரையில் யார் பெயரையும் போடவில்லை. நீங்கள் சொன்னதை எங்காவது தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அக்காவிடம் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். பெரியவரே, தமிழ் எழுத்தைப் பார்க்க அழகாக இருக்கிறது, அச்சானதும் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். இந்த வாரமே தபாலில் போடுகிறேன்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஓர் ஆர்சனல் ரசிகன்